திண்டிவனம் பங்களாவில் ஓர் இரவு

விக்டோரியா மகாராணியின் காலத்தில் நம் நாட்டில் எத்தனையோ பங்களாக்கள் எழுந்தன. சில பங்களாக்களில் கலெக்டர்கள் குடியிருந்தார்கள். சிலவற்றில் நீதிபதிகள் இருந்தார்கள். சிலவற்றில் பெரிய வியாபாரிகள் வாழ்ந்தார்கள். அந்த வீடுகளின் தூண்களையும், வண்ணக் கண்ணாடிகளையும், வளைவுகளையும் இன்றும் மக்கள் நின்று பார்க்கிறார்கள்.

திண்டிவனத்தில் ஒரு பங்களா இருந்தது. அது ஓர் அமெரிக்கப் பாதிரியாரின் வீடு. அவர் டாக்டரும் கூட.

அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரே இரவில் 3 ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து நின்றார்கள். மூவரும் ஒரே உதவியைக் கேட்டார்கள். மூவரும் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது 3 பெண்கள் உயிரோடு இல்லை.

அந்த வீட்டில் மருந்து இருந்தது. டாக்டரும் இருந்தார். வருகிறேன் என்று அவர் சொல்லவும் சொன்னார். அப்படியிருந்தும் 3 உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை!

ஏன்? அதை அறிய வேண்டுமானால், அந்தக் காலத்து வீடுகள் எப்படி இருந்தன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பங்களா என்றால் என்ன?

பங்களா என்ற சொல் வங்காளத்திலிருந்து வந்தது. வங்காளத்துக் கிராம வீட்டைப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் தங்கள் வசதிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது.

பங்களாவைச் சுற்றிலும் பெரிய தோட்டம் இருக்கும். வீடு தெருவை ஒட்டி இருக்காது. காம்பவுண்டின் நடுவில் தனியாக நிற்கும். தரையிலிருந்து சில படிகள் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். மழைத் தண்ணீரும் பூச்சி பொட்டும் வராமல் இருக்க அந்த உயரம்.

சுவர்கள் மிகவும் தடிப்பாக இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தச் சூடு உள்ளே வர வெகுநேரம் ஆகும். கூரை மிகவும் உயரத்தில் இருக்கும். சூடான காற்று மேலே போய்விடும். கீழே இருப்பவர்களுக்குச் சற்றுக் குளுமை.

கூரை போடுவது ஒரு தனி வித்தை. முதலில் தேக்கு உத்திரங்களை வைப்பார்கள். அவற்றின்மேல் வரிசையாகக் கட்டைகளைப் பரப்புவார்கள். அதற்குமேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக, செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசுவார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் அதில் சேரும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இதற்கு ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பெயர். நம் கொத்தனார்களின் கைத்திறமை அது.

வசதி படைத்தவர்களின் வீடுகளில் அலங்காரத்துக்குக் குறைவே இல்லை. வாசலில் வண்டி வந்து நிற்கப் போர்டிகோ, சீமையிலிருந்து வந்த வார்ப்பிரும்புக் கிராதி, கதவுக்கு மேலே அரை வட்டத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி, தூணின் உச்சியில் சுதையில் செய்த இலையும் பூவும் என்று பணத்தை வாரி இறைத்துக் கட்டினார்கள்.

பாதிரிமார்களின் பங்களாக்களில் இத்தனை ஆடம்பரம் இருக்காது. ஆனால் அமைப்பு ஒன்றுதான். முக்கியமான பகுதி தாழ்வாரம். வீட்டைச் சுற்றி அகலமான தாழ்வாரம் ஓடும். அறைகளின் கதவுகள் தாழ்வாரத்தில் திறக்கும். காற்று வருவதற்காக இந்த ஏற்பாடு. ஜன்னல்களில் சாய்வான மரப்பட்டைகள் இருக்கும். வெயிலைத் தடுக்கும், காற்றை விடும்.

இதனால் ஒரு விளைவு உண்டு. யார் வேண்டுமானாலும் படியேறித் தாழ்வாரத்துக்கு வந்து, எந்த அறையின் கதவையும் தட்டலாம்.

ஊருக்குள் இருந்த வீடு

இனி ஊருக்குள் இருந்த வீட்டைப் பார்ப்போம்.

நம் வீடுகள் தெருவை ஒட்டி நின்றன. வாசலில் திண்ணை. வழிப்போக்கனும் அதில் உட்காரலாம், படுக்கலாம். திண்ணையைத் தாண்டினால் ரேழி. அங்கே உறவினரும் தெரிந்தவரும் வரலாம். அதைத் தாண்டினால் முற்றமும் கூடமும். அங்கே வீட்டாரோடு நெருங்கிப் பழகியவர்கள் மட்டுமே வருவார்கள். அதற்கும் அப்பால் உள் அறை.

பிள்ளை பெறும் பெண்ணை அந்த உள் அறையில்தான் படுக்க வைப்பார்கள். பெரும்பாலும் ஜன்னல் இருக்காது. காற்று பட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்று இருக்கும் இடுக்கையும் துணியால் அடைப்பார்கள். உள்ளே நெருப்புச் சட்டியும் புகையும் இருக்கும். பக்கத்தில் மருத்துவச்சி உட்கார்ந்திருப்பாள்.

மருத்துவச்சிகளில் அனுபவசாலிகள் உண்டு. ஆயிரம் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர்கள் உண்டு. சுகப்பிரசவமானால் கவலை இல்லை. ஆனால் குழந்தை குறுக்கே திரும்பிவிட்டால் என்ன செய்வது? ரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன செய்வது? அப்போது அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த அறைக்குள் ஆண்கள் யாரும் நுழையக்கூடாது. டாக்டராக இருந்தாலும் கூடாது. பல குடும்பங்களில் இது மாற்ற முடியாத கட்டுப்பாடு. மானம் பெரிது என்று நினைத்த காலம் அது.

பங்களாவின் கதவோ தட்டினால் திறக்கும். ஊருக்குள் இருந்த உள் அறையின் கதவு மட்டும் டாக்டருக்குத் திறக்காது!

ஸ்கடர் குடும்பம்

டாக்டர் ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் வைத்தியம் பார்த்துவந்தார். 1819ல் அவர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு இலங்கைக்குக் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் தங்கி நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். 1836ல் சென்னைக்கு வந்தார்.

அவருடைய பிள்ளைகளும் அதே வழியில் போனார்கள். 1853ல் ஆற்காட்டுப் பகுதியில் அவர்கள் ஒரு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் ஜான் ஸ்கடர். அவரும் டாக்டர். அவருடைய மனைவி சோஃபியா.

இவர்களுக்கு 5 ஆண் குழந்தைகள். கடைசியாக ஒரு பெண் பிறந்தாள். 1870 டிசம்பர் 9ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்த அந்தப் பெண்தான் ஐடா.

ஐடாவுக்கு 6 வயது ஆகும்போது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை அந்தப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பசியால் எலும்பும் தோலுமாகிவிட்ட பிள்ளைகளின் வாயில் சிறுமி ஐடா ரொட்டித் துண்டை வைத்தாள். சாலை ஓரத்தில் பிணங்கள் கிடந்ததையும் கண்டாள்.

அந்தக் காட்சி அவள் மனதைவிட்டு அகலவில்லை. குடும்பம் அமெரிக்காவுக்குப் போனபோது அவள் மகிழ்ந்தாள். பின்னர் தகப்பனாரும் தாயாரும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ஐடா அங்கேயே தங்கிப் படித்தாள்.

தாத்தா போன வழியும், அப்பா போன வழியும் தனக்கு வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள். அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு சுகமாக வாழ வேண்டும். இதுதான் அவள் கண்ட கனவு. இளமையில் யாரும் காணக்கூடிய கனவுதானே!

தாயாரைப் பார்க்க வந்தாள்

1890ல் ஒரு செய்தி வந்தது. தாயார் உடல்நலம் இல்லாமல் படுத்துவிட்டார். அப்போது அவர்கள் திண்டிவனத்தில் இருந்தார்கள்.

பெற்ற தாய் படுத்திருக்கும்போது மகள் வராமல் இருக்க முடியுமா? ஐடா கப்பல் ஏறினாள். கொஞ்சகாலம் இருந்து தாயாரைக் கவனித்துக்கொள்வது. பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவது. இதுதான் அவளுடைய திட்டம்.

அப்போது திண்டிவனம் தென் ஆற்காடு ஜில்லாவில் இருந்த ஒரு சிறிய ஊர். (1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது.) சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில் அந்த ஊர் வழியாக விழுப்புரத்துக்குப் போயிற்று. சுற்றிலும் வயல்கள், ஏரிகள், பனைமரங்கள்.

பகலில் வெயில். இரவில் மண்ணெண்ணெய் விளக்கு. இருபது வயதுப் பெண்ணுக்கு ஊர் திரும்பும் நாளை எண்ணுவதுதான் பொழுதுபோக்கு.

முதல் தட்டல்

ஓர் இரவு. ஐடா தன் அறையில் தனியாக இருந்தாள். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

வெளியே ஓர் இளைஞர் நின்றார். பிராமண வகுப்பைச் சேர்ந்தவர். பதற்றத்தில் அவருக்குப் பேச்சே சரியாக வரவில்லை. வீட்டில் அவருடைய மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு 14 வயதுதான். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். உடனே வந்து காப்பாற்றும்படி ஐடாவை அவர் கெஞ்சினார்.

ஐடா திகைத்துப்போனாள். வைத்தியத்தில் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும், டாக்டராக இருப்பவர் தன் தகப்பனார்தான் என்றும் சொன்னாள். அவரை அழைத்துவருவதாகச் சொல்லித் திரும்பினாள்.

இளைஞரின் முகம் மாறியது. வேற்று ஆண் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதா? அதற்குப் பதில் அவள் செத்துப்போவதே மேல் என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்தபடி இருட்டில் போய்விட்டார்.

ஐடா தகப்பனாரிடம் ஓடினாள். நடந்ததைச் சொன்னாள். அவரும் வருந்தினார். அழைக்காத வீட்டுக்குள் எப்படிப் போக முடியும்?

இரண்டாம் தட்டல்

ஐடா அறைக்குத் திரும்பினாள். மறுபடியும் காலடிச் சத்தம்! அந்த இளைஞர்தான் மனம் மாறி வந்துவிட்டார் என்று நினைத்து ஓடிப்போய்ப் பார்த்தாள்.

வந்தவர் வேறொருவர். அவர் ஒரு முஸ்லிம். அவருடைய மனைவிக்கும் பிரசவ வேதனை. அவளும் ஆபத்தான நிலையில் இருந்தாள்.

இந்த முறை ஐடா தகப்பனாரை நேரே அழைத்துவந்தாள். இருவரும் சேர்ந்து எடுத்துச் சொன்னார்கள். டாக்டர் ஸ்கடர் உதவி செய்யக் காத்திருந்தார். தானும் கூடவே வருவதாக ஐடாவும் சொன்னாள்.

அவர் இணங்கவில்லை. தம் குடும்பத்துப் பெண்ணின் முகத்தை வெளி ஆண் பார்ப்பது வழக்கம் இல்லை என்றார். பெண் வந்தால் அழைத்துப்போகிறேன், ஆண் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மூன்றாம் தட்டல்

மூன்றாவது தடவையும் கதவு தட்டப்பட்டது. இப்போது வந்தவர் இன்னோர் இந்துக் குடும்பத்தவர். அதே துன்பம். அதே வேண்டுகோள். அதே மறுப்பு.

இந்த மூவரையும் கல்நெஞ்சர்கள் என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. மனைவியின்மேல் அன்பு இல்லாவிட்டால் நடு இரவில் அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவார்களா? அவர்கள் மனம் துடித்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக வந்த கட்டுப்பாட்டை மீற அவர்களுக்குத் துணிவு வரவில்லை. வெவ்வேறு குலம், வெவ்வேறு மதம். உள் அறையின் கதவு மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அடைத்திருந்தது.

அன்று இரவு ஐடா தூங்கவில்லை. சில தெருக்களுக்கு அப்பால் 3 பெண்கள் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். தன்னைவிட இளம்வயதுப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அப்பாவின் மருந்துப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

பொழுது விடிந்தது. ஊருக்குள்ளிருந்து சாவுப் பறையின் ஒலி கேட்டது. ஐடாவின் நெஞ்சு பதறியது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்துவரச் சொன்னாள்.

அவர் திரும்பிவந்து சொன்ன செய்தி இதுதான்: 3 பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

ஐடா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். பெற்றோரிடம் போய், அமெரிக்காவுக்குச் சென்று டாக்டருக்குப் படிக்கப்போவதாகவும், படித்து முடித்ததும் இங்கேயே திரும்பிவரப்போவதாகவும் சொன்னாள்.

சென்னையில் இருந்ததே!

அந்தக் காலத்தில் பெண் டாக்டர்களே கிடையாதா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தார்கள். 1875லேயே சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கே படித்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1885ல் சென்னையில் பெண்களுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்தினார். அதற்கு விக்டோரியா மகாராணியின் பெயரையே வைத்தார்கள். திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் சொல்வது அதைத்தான்.

ஆனால் சென்னை எங்கே, திண்டிவனம் எங்கே? நடுவில் சுமார் 120 கிலோமீட்டர் தூரம். நடு இரவில் துடிக்கும் பெண்ணை மாட்டு வண்டியில் போட்டு அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமா? பட்டணத்தில் இருந்த வசதி பட்டிக்காட்டுக்கு உதவவில்லை.

அமெரிக்காவிலும் அடைத்த கதவு

நம் நாட்டில் மட்டுமே பெண்களுக்குக் கதவு அடைத்திருந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களைச் சேர்ப்பதில்லை.

ஐடா 1895ல் ஃபிலடெல்ஃபியா நகரில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதே கல்லூரியில்தான் 1886ல் மராட்டியப் பெண்மணி ஆனந்திபாய் ஜோஷி டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்று ஊர் திரும்பிய அவர், வைத்தியம் பார்க்கக் கொடுத்துவைக்காமல் 1887லேயே காசநோயால் மறைந்தார்.

1898ல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களுக்குத் திறந்தது. ஐடா அங்கே மாறினார். 1899ல் பட்டம் பெற்றார். அந்தக் கல்லூரியில் தேறிய முதல் பெண்கள் வரிசையில் அவரும் ஒருவர்.

இனி ஆஸ்பத்திரி கட்டப் பணம் வேண்டுமே! ஐடா வீடு வீடாகப் போய்க் கேட்டார். ஒரு வீட்டில் அவர் ஓர் அம்மையாரிடம் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து அறையில் ஷெல் என்ற வயோதிகர் இருந்தார். அவர் ஒரு வங்கியின் தலைவர். திறந்திருந்த கதவு வழியாக அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாள் ஐடாவை வரவழைத்து 10,000 டாலர் கொடுத்தார். இறந்துபோன தம் மனைவியின் பெயரால் ஆஸ்பத்திரி கட்டும்படி கேட்டுக்கொண்டார்.

வேலூரில் ஒரு சின்ன அறை

1900 ஜனவரி 1ந் தேதி டாக்டர் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். அப்போது அவருடைய பெற்றோர் வேலூரில் இருந்தார்கள். தகப்பனாரிடம் சில வருஷம் தொழில் பழகலாம் என்பது அவர் ஆசை. ஆனால் அந்த ஆண்டு மே மாதமே தகப்பனார் காலமாகிவிட்டார்.

ஐடா தனியாக நின்றார். ஆஸ்பத்திரி இன்னும் எழும்பவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பங்களாவில் விருந்தினர் தங்கும் சின்ன அறையையே ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்!

10 அடிக்கு 12 அடி அறை. ஒரே ஒரு கட்டில். மருந்து கொடுக்க ஒரு ஜன்னல். நோயாளிகள் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். உதவிக்குப் படித்த நர்ஸ் கிடையாது. உள்ளூர்ப் பெண் ஒருத்தியைப் பழக்கி வைத்துக்கொண்டார். 2 ஆண்டுகளில் சுமார் 5,000 பேர் அங்கே வந்துபோனார்கள்.

திண்டிவனத்தில் அந்த 3 பேரும் ஏமாந்து நின்றது ஒரு பங்களாத் தாழ்வாரம். வேலூரிலும் அதே மாதிரித் தாழ்வாரம்தான். ஆனால் இங்கே உள்ளே இருந்தவர் பெண் டாக்டர். அவரை நம்பிப் பெண்கள் வந்தார்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு அவரே போனார். உள் அறையின் கதவு அவருக்குத் திறந்தது. அடைத்துவைத்த துணிகளை அவர் எடுத்துக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்தார்.

1902ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 40 படுக்கைகள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது. அந்தக் கட்டடம் பின்னாளில் கண் ஆஸ்பத்திரியாக மாறியது.

சாலை ஓரத்தில் வைத்தியம்

ஆஸ்பத்திரிக்கு வர முடியாத கிராமத்தார் என்ன செய்வார்கள்? 1906 முதல் டாக்டர் ஐடா சாலைகளில் போய் வைத்தியம் செய்யத் தொடங்கினார். வாரத்தில் ஒருநாள் குறித்த இடத்தில், மரத்தடியில் வண்டி நிற்கும். மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்துக் காயங்களுக்குக் கட்டுப் போடுவார். கண்ணுக்கு மருந்து விடுவார். பல் பிடுங்குவார்.

1909ல் ஒரு பேஜோ மோட்டார் கார் வந்தது. புகை விட்டுக்கொண்டு அலறி வந்த அந்த வண்டியைக் கண்டு கிராமத்தார் முதலில் பேய் என்று பயந்து ஓடினார்களாம்! பிறகு அந்தச் சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள்.

அவருடைய புகழ் எங்கும் பரவியது. ஊர் பெயர்கூட எழுதாமல், டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் விலாசம் எழுதிய கடிதம் சரியாக அவர் கைக்கு வந்துசேர்ந்ததாகச் சொல்வார்கள்.

ஒருத்தி போதுமா?

இத்தனை செய்தும் டாக்டர் ஐடாவின் மனம் ஆறவில்லை. ஒரே இரவில் 3 வீடுகளிலிருந்து அழைப்பு வந்ததே! ஒரு பெண் டாக்டர் ஒரே நேரத்தில் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? நாட்டில் எத்தனை ஆயிரம் ஊர்கள்! எத்தனை ஆயிரம் உள் அறைகள்!

இந்த நாட்டுப் பெண்களே டாக்டர்களாக வேண்டும். அதுதான் வழி என்று அவர் கண்டார். 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்தது மருத்துவப் பள்ளி.

அரசாங்க அதிகாரிகள் சிரித்தார்கள். பெண்கள் எங்கே படிக்க வருவார்கள் என்றார்கள். 3 மனுக்கள் வந்தாலே பெரிது, 6 பேர் கிடைத்தால் பள்ளியைத் தொடங்கலாம் என்று சொன்னார்கள்.

வந்த மனுக்கள் 151!

1918 ஆகஸ்ட் 12ந் தேதி பெண்கள் மருத்துவப் பள்ளியைக் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு திறந்துவைத்தார். முதல் ஆண்டு முடிந்து பரீட்சை வந்தது. ஆண்கள் படிக்கும் பள்ளிகளிலேயே 5 பேரில் ஒருவர்தான் தேறுகிறார் என்று அதிகாரிகள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். முடிவு வந்தது. பரீட்சை எழுதிய 14 பெண்களும் தேறிவிட்டார்கள். 1922ல் அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

திண்டிவனத்து இரவில் வைத்தியம் தெரியாமல் ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இப்போது ஒரே நாளில் 14 பேர் மருந்துப் பெட்டியோடு புறப்பட்டார்கள்.

முதுமையில் ஒரு போராட்டம்

1920களில் வேலூர் நகருக்குள் பெரிய ஆஸ்பத்திரி எழுந்தது. 1928ல் பாகாயத்தில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மலைகளுக்கு நடுவே 200 ஏக்கர் நிலத்தில் கட்டடங்கள் வளர்ந்தன.

அப்போது ஒரு சோதனை வந்தது. சின்ன மருத்துவப் படிப்பு இனி செல்லாது, எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்புதான் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் முடிவு செய்தது. அதற்கு அதிகப் பேராசிரியர்கள் வேண்டும். அதிகப் படுக்கைகள் வேண்டும். ஏராளமான பணம் வேண்டும். கிடைக்காவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான்.

டாக்டர் ஐடாவுக்கு அப்போது 70 வயது. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1941ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகச் சுற்றிப் பணம் திரட்டினார். 1942ல் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. 1947ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்துவிட்ட காலம் அது. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் செய்ய வேண்டும் என்ற நிலை மெல்ல மாறிவந்தது. கல்லூரியின் பொறுப்பும் இந்தியப் பெண்மணியான டாக்டர் ஹில்டா லாசரஸ் கைக்கு வந்தது.

மலைமேல் ஒரு வீடு

1946ல் டாக்டர் ஐடா ஓய்வு பெற்றார். கொடைக்கானலில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. ‘ஹில்டாப்’ என்று அதற்குப் பெயர். மலை உச்சி என்று பொருள். அங்கே தோட்டம் போட்டுச் செடிகளை வளர்த்துவந்தார்.

அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொண்டு குடித்தனம் நடத்த ஆசைப்பட்ட பெண், கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஆனாலும் அவரால் பிழைத்துப் பிள்ளை பெற்ற தாய்மார்களின் குடும்பங்கள் எண்ணிலடங்காதவை.

1960 மே 24ந் தேதி, 89வது வயதில், கொடைக்கானல் வீட்டில் அவர் காலமானார்.

இன்று

ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரிக்கு இன்று இந்தியாவின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயிலில், மடியில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்களைக் காணலாம்.

இப்போது பிரசவத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமும் இல்லை. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. திண்டிவனத்தில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஆஸ்பத்திரிகளில்தான் பிறக்கின்றன. வைத்தியம் படிக்கும் பெண்களின் எண்ணிக்கையோ சொல்லி முடியாது.

பிரசவ வார்டுக்கு வெளியே இன்றும் ஆண்கள் கவலையோடு காத்திருக்கிறார்கள். கதவு திறக்கிறது. உள்ளேயிருந்து ஒரு பெண் டாக்டர் வருகிறார். ஆண் குழந்தை என்றோ, பெண் குழந்தை என்றோ, தாயும் சேயும் நலம் என்றோ சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கவனிக்க உள்ளே போய்விடுகிறார்.

அன்று அந்த 3 ஆண்கள் தட்டியது இந்தக் கதவைத்தான்.